‘விடுமுறை…’ என்று முடிந்த தலைப்பு: ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைச் சோதித்த பதிவு

தென்மாவட்டச் செய்திகளை வெளியிடும் சிறிய இணையதளம் ஒன்றை நடத்துபவர்கள், அதன் வடிவமைப்பைப் புதுப்பிக்கும் முன் வாசகருக்கு அது எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை எந்தத் தமிழ்ச் செய்தித் தளத்திலும் இருக்கக்கூடியவை.

அவர்கள் எதிர்பார்த்தது முகப்புப் பக்கத்தைப் பற்றிய கருத்து. நிறம் பொருத்தமா, தளத்தின் பெயர் எடுப்பாகத் தெரிகிறதா, முதன்மைச் செய்திக்குப் படம் பெரிதாக வேண்டுமா என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். அலுவலகத்தில் பெரிய கணினித் திரையில் முகப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இந்தப் பேச்சு நடக்கிறது. வாசகர் வருகிற வழி வேறு. வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட லிங்க்கைத் தொட்டு நேரே செய்திப் பக்கத்தில் வந்து நிற்கிறார். படித்ததும் குழுவுக்கே திரும்பிவிடுகிறார். தளத்தின் வருகைக் கணக்கும் அதையேதான் சொன்னது. ஆகவே முகப்பைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, 360 பிக்சல் அகலமுள்ள விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செய்திப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

கருவி பார்த்ததும் பார்க்காததும்

குரோம் உலாவிக்குள்ளேயே லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. மெதுவான 4ஜி இணைப்பில் நடுத்தரக் கைப்பேசி ஒன்று பக்கத்தைத் திறப்பதுபோல் பாவனை செய்து, வேகம், அணுகல்தன்மை முதலியவற்றுக்கு மதிப்பெண் போடும். பக்கத்தின் முக்கிய உறுப்பு 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். படிக்கும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. தொட்டால் 200 மில்லிநொடிக்குள் திரை பதில் காட்ட வேண்டும். இவை கூகுள் வகுத்துள்ள எல்லைகள். கடைசியில் சொன்னது 2024 மார்ச்சில்தான் பழைய அளவுகோல் ஒன்றின் இடத்துக்கு வந்தது.

நம் தளம் தோற்றது குதிப்பதில். விளம்பரப் பெட்டிகளுக்கு உயரம் ஒதுக்கப்படவில்லை. செய்தி முதலில் வந்துவிடும், விளம்பரம் தாமதமாக வந்து நடுவில் நுழையும், படித்துக்கொண்டிருந்த வரி கீழே ஓடிவிடும். பெட்டிக்குக் குறைந்தபட்ச உயரம் கொடுத்தால் தீர்கிற விஷயம் இது, அன்றே தீர்ந்தது. எழுத்துருவும் பாரமாக இருந்தது. ஒரே தமிழ் எழுத்துருவின் பல தடிமன்களை வலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ராய்டிலேயே நோட்டோ தமிழ் எழுத்துரு இருக்கும்போது, உடல் எழுத்துக்கு, அதாவது செய்தி உரைக்கு, அதையே பயன்படுத்திக்கொண்டு தலைப்புக்கு மட்டும் தனி எழுத்துரு வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஆனால் அந்தத் தலைப்பு எழுத்துருவின் தடித்த வடிவத்தை உண்மையிலேயே இணைக்க வேண்டும். சாதாரண வடிவத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் தடிமன் கேட்டால், உலாவி தானாகக் கோட்டைப் பருக்கவைக்கும். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு எழுத்து மைத்திட்டாகிவிடும்.

அணுகல்தன்மைப் பகுதியில் மதிப்பெண், நன்று என்பதைக் குறிக்கும் பச்சையில் இருந்தது. தேதியின் நிறம் மங்கலாக இருக்கிறது, பக்கத்தை விரலால் பெரிதாக்க முடியவில்லை என்ற இரண்டைத் தவிரக் கருவி பெரிதாக எதையும் சுட்டவில்லை. இந்தப் பச்சையை நம்பி அறிக்கை எழுதியிருந்தால் என் வேலை மாலைக்குள் முடிந்திருக்கும். இனிச் சொல்லப்போகும் மற்றக் குறைகளில் ஒன்றைக்கூட அந்தக் கருவி பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அதற்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

ஐந்து வாசகர்கள்

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் தாய் ஒருவர், கல்லூரி மாணவர், ஆட்டோ ஓட்டுநர், பார்வையற்ற வங்கி ஊழியர். இவர்கள்தான் சோதனைக்கு உட்கார்ந்தவர்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை இந்தத் துறையில் வேதவாக்குபோல் சொல்வார்கள். ஒரே மாதிரியான பயனர்களுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும் என்று அவரே சொல்லியிருப்பதை வசதியாக விட்டுவிடுவார்கள். செய்தி வாசகர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். கிடைத்ததைக் கொண்டு தொடங்கலாம் என்ற அளவில்தான் இந்த ஐந்து.

ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் கைப்பேசியையே பயன்படுத்தினார்கள். அவரவர் எழுத்தளவு, உடைந்த திரை, நிறைந்து வழியும் நினைவகம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அனுமதி பெற்றுத் திரையைப் பதிவுசெய்தேன். அண்மைக்கால ஆண்ட்ராய்டில் அந்த வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. “சோதனை தளத்துக்குத்தான், உங்களுக்கு அல்ல, மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இந்த வேலையில் கடினமான பகுதி அதுதான். ஒருவர் தவறான இடத்தைத் தொடும்போது “அது இல்லை, மேலே பாருங்கள்” என்று நாக்கு நுனிவரை வரும்.

கொடுத்த பணிகள் மூன்று. வாட்ஸ்அப்பில் வரும் இந்த லிங்க்கைப் பார்த்து, இன்று பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டா இல்லையா என்று சொல்லுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் சிக்கிக்கொண்ட செய்தியைத் தேடி எடுங்கள். படித்த செய்தியை உங்கள் வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள்.

முதல் பணியைக் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காலை ஐந்தரை மணிக்குத் தமிழ்நாட்டுப் பெற்றோர் தேடுகிற செய்தி இது ஒன்றுதான். ஆட்சியர் விடுமுறை அறிவித்தாரா, எல்லாப் பள்ளிக்குமா, கல்லூரிக்கும் சேர்த்தா, நம் மாவட்டத்துக்கா? ஒரு செய்தித் தளம் இந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால் மற்ற அலங்காரமெல்லாம் வீண்.

வால் போன தலைப்பு

தாயாக வந்தவர் செய்தியைப் படித்து முடித்துக் கீழே போனார். ‘தொடர்புடைய செய்திகள்’ என்ற வரிசையில் ஒரு அட்டை இப்படி இருந்தது: “தூத்துக்குடியில் இன்று பள்ளிகளுக்கு விடுமுறை…”

“இங்கே விடுமுறை என்றுதானே போட்டிருக்கிறது?” என்றார்.

அட்டையைத் தொட்டுத் திறந்தால் முழுத் தலைப்பு: “தூத்துக்குடியில் இன்று பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை.”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் ஆடிப்போனேன். அட்டைகளில் தலைப்பை 45 குறிகளோடு வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கும்படி, தளத்தின் ஆயத்த வடிவமைப்பான வார்ப்புருவில் எழுதியிருந்தது. அந்த வார்ப்புரு ஆங்கிலத் தளங்களுக்காகச் செய்யப்பட்டது. ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடும். வால் அறுந்தாலும் தலை மிஞ்சும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. இல்லை, மாட்டார், கூடாது, மறுப்பு, ரத்து, தள்ளிவைப்பு எல்லாமே வாலில்தான். நீளத்தைப் பார்த்து வெட்டுகிற கத்தி எப்போதும் அந்த இடத்தில்தான் விழுகிறது.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. ‘தூத்துக்குடியில் இன்று பள்ளிகளுக்கு விடுமுறை’ என்பதில் நம் கண்ணுக்குத் தெரிவது 22 எழுத்து, மூன்று இடைவெளி. கணினிக்கு அது 44 குறிகள். யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகள். ‘தூ’ என்பது த, ஊகாரக்குறி என்று இரண்டு. ஆக, 45 என்று ஆங்கிலத்துக்குப் போட்ட எல்லை தமிழுக்கு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. வெட்டு சொல்லின் நடுவில் விழுந்தால் எழுத்தே மாறும்: ‘வெற்றி’ என்பது ‘வெற்ற’ என்று நிற்கும்.

எழுத்துக்கூட்டத்தை உடைக்காமல் வெட்டுவதற்கு வழிகள் உண்டு. பிஎச்பி நிரல்மொழியில் கிராஃபீம் (கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் முழு எழுத்து) சார்ந்த செயற்கூறுகள் இருக்கின்றன; உலாவிகளில் அதே வேலைக்கு இன்டில் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது, 2024-இல் ஃபயர்ஃபாக்ஸும் அதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவை எழுத்தைக் காப்பாற்றுமே தவிர ‘இல்லை’யைக் காப்பாற்றாது. நான் சொன்ன திருத்தம் எளியது: வெட்டவே வேண்டாம். அட்டையில் தலைப்பு மூன்று வரி, நான்கு வரி போனால் போகட்டும். அட்டைகள் ஒரே உயரத்தில் அணிவகுத்து நிற்க வேண்டும் என்று வடிவமைப்பாளர் வருத்தப்பட்டார். நிற்காவிட்டால் என்ன?

கைப்பேசியின் அறிவிப்புப் பட்டையில் வருகிற தலைப்பை எங்கே வெட்டுவது என்பது நம் கையில் இல்லை. அங்கே காப்பாற்றக்கூடியவர் துணையாசிரியர் மட்டுமே. ‘விடுமுறை இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘பள்ளிகள் இன்று இயங்கும்: தூத்துக்குடி ஆட்சியர்’ என்று எழுதினால், எந்த இடத்தில் வெட்டினாலும் பொய்யாகாது. ஒரு தலைப்பை எழுதியதும் அதன் கடைசிச் சொல்லைக் கையால் மறைத்துவிட்டு ஒரு முறை படியுங்கள் என்று செய்தி அறையில் சொல்லிவிட்டு வந்தேன். சிரித்தார்கள், ஆனால் செய்கிறார்கள்.

இந்த ஒரு குறைக்குப் பிறகு அறிக்கையின் வரிசையையே மாற்றிவிட்டேன். நீல்சன் முறையில் குறைகளுக்கு 0 முதல் 4 வரை கடுமை எண் கொடுப்பது வழக்கம். எத்தனை பேரை, எவ்வளவு தூரம் தடுக்கிறது என்பதுதான் அளவு. கடைத் தளத்துக்கு அது சரி. செய்தித் தளத்தில் வாசகரைத் தடுக்கிற குறையைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது: வாசகர் எந்தத் தடையும் உணராமல், தவறான செய்தியோடு நிம்மதியாக வெளியேறுவது. நிருபர் சரியாக எழுதியதை வடிவமைப்பு பொய்யாக்கிவிடுகிறது. அந்த வகைக் குறைகள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தனி வரிசை போட்டேன்.

தேதி

அந்த வரிசையில் இரண்டாவது இதுதான். முதல் பணிக்கு நான் அனுப்பிய லிங்க் முந்தைய ஆண்டு மழைக்காலத்துச் செய்தி. அதைச் சொல்லாமல் அனுப்பினேன். தலைப்பில் ‘இன்று’ இருந்தது. ஆசிரியர் ஒருவர்தான் தேதியைத் தேடினார். நெடுநாள் வருகைப்பதிவேட்டோடு வாழ்ந்தவர். மேலே கீழே இரண்டு முறை உருட்டிவிட்டு, “தம்பி, இது என்றைக்கு வந்த செய்தி?” என்று கேட்டார். மற்றவர்கள் தேதியைத் தேடவே இல்லை. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதும், “மழை வரும்போல இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டார் ஆட்டோ ஓட்டுநர்.

தேதி பக்கத்தில் இருந்தது. படத்துக்குக் கீழே, 12 பிக்சலில், #999 என்ற சாம்பல் நிறத்தில். வெள்ளைப் பின்னணியில் அந்தச் சாம்பலின் மாறுபாட்டு விகிதம் 2.85-க்கு 1. உலகளாவிய அணுகல்தன்மை வழிகாட்டுதல் சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5-க்கு 1. #767676 வரை இருட்டினாலே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். ஆனால் நிறத்தை மட்டும் மாற்றினால் போதாது; இடமும் மாற வேண்டும். தலைப்புக்கு நேர் கீழே, படத்துக்கு முன்னால், கிழமையோடும் ஆண்டோடும் முழுத் தேதி. ‘3 மணி நேரத்துக்கு முன்’ என்கிற பாணியை எடுத்துவிடச் சொன்னேன். யாராவது திரையைப் படம் பிடித்து அனுப்பினால் அந்த ‘3 மணி நேரம்’ என்றென்றைக்கும் மூன்று மணி நேரமாகவே இருக்கும்.

இதைச் சரிசெய்யும்போதுதான் உள்ளே ஒளிந்திருந்த இன்னொன்று வெளிவந்தது. சில காலைச் செய்திகளில் முந்தைய நாள் தேதி இருந்தது. தளத்தின் நேர மண்டலம் இந்திய நேரத்துக்கு மாற்றப்படாமல் உலகப் பொது நேரத்திலேயே விடப்பட்டிருந்தது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். நவம்பர் 14 அதிகாலை 5 மணிக்கு வெளியிட்ட செய்தி, நவம்பர் 13 இரவு 11.30 என்று தேதி வாங்கிக்கொள்ளும். பகலில் வரும் செய்திகளில் நேரம்தான் தவறும். அதை யாரும் கவனிப்பதில்லை. தேதியே தவறுவது காலை 5.30-க்கு முன் வருபவற்றில் மட்டும். விடுமுறை அறிவிப்பு வருகிற நேரம் அதுதான்! தேதி பார்க்கும் பழக்கமுள்ள வாசகர் ஒருவர் இருந்தால், அவர் உண்மையான இன்றைய அறிவிப்பைப் பழையது என்று ஒதுக்கிவிட்டுப் பிள்ளையை மழையில் அனுப்பியிருப்பார். தளத்தை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் பொது அமைப்புகளுக்குள் போய் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றினால் புதிய செய்திகளுக்குத் தீர்ந்தது. பழையவற்றின் நேரத்தைத் தரவுத்தளத்தில் தனியாகத் திருத்த வேண்டியிருந்தது.

பழைய செய்தி புதிதுபோல் சுற்றுவது எல்லா நாட்டிலும் உள்ள தொல்லை. இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் 2019-இல், பழைய செய்தி சமூக ஊடகத்தில் பகிரப்பட்டால் முன்னோட்டப் படத்தின் மேலேயே அதன் ஆண்டு தெரியும்படி செய்தது. நாங்கள் அதில் பாதியைச் செய்தோம்: மழை விடுமுறைச் செய்திகள் மறுநாளே ‘இது முடிந்துபோன நாளுக்கான அறிவிப்பு’ என்ற பட்டையைத் தாங்கிக்கொள்ளும், வாட்ஸ்அப் முன்னோட்டத்தில் வருகிற சுருக்க வரி தேதியோடுதான் தொடங்கும். தலைப்பிலும் ‘இன்று’ என்பதற்குப் பதில் தேதியைப் போடச் சொன்னேன். அது செய்தி அறையில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

மொட்டையான எழுத்து

பெரிய தலைப்புகளுக்கு வரி உயரம் 1.1 என்று வைத்து, பெட்டிக்கு வெளியே நீள்வதை மறைக்கும்படி, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் எழுதியிருந்தார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது அழகாகத்தான் இருக்கும். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும், கீழே சு, து, பு, நூ இவற்றின் வால்களும் இருக்கின்றன. முதல் வரியின் மேல் விளிம்பில் புள்ளிகள் பாதி நறுக்கப்பட்டிருந்தன. எழுத்தளவைக் கூட்டி வைத்திருந்த ஆசிரியரின் கைப்பேசியில் முழுவதுமாகவே காணவில்லை. ‘பல் மருத்துவர் கைது’ என்று ஒரு தலைப்பு வந்தால், புள்ளி போனபின் அங்கே கைதாகிறவர்கள் பல மருத்துவர்கள்.

தலைப்புக்கு 1.4, உடல் எழுத்துக்கு 1.7 வரை வரி உயரம் கொடுத்தோம். உடல் எழுத்து 16 பிக்சலிலிருந்து 18 ஆனது. இருபுறமும் சமமாகச் சீரமைக்கும் ஏற்பாட்டை எடுத்தோம். ‘நெடுஞ்சாலைத்துறையினருக்கு’ போன்ற சொல் ஒன்று வந்தால், குறுகிய திரையில் முந்தைய வரி பல்லிளித்துக்கொண்டு நிற்கும். விரல்களால் விரித்துப் பெரிதாக்குவதைத் தடுக்கும் ஒரு வரி பக்கத்தின் தலைப்பகுதியில் இருந்தது. அதை எதற்காக வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. நீக்கியாயிற்று.

ஸ்ரீவைகுண்டம் எங்கே?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். இந்தத் தளம் அதைப் பற்றி நிறையவே எழுதியிருந்தது. தேடல் பெட்டியில் ‘ஸ்ரீவைகுண்டம்’ என்று தட்டிய மாணவருக்குக் கிடைத்த பதில்: ‘முடிவுகள் எதுவும் இல்லை.’

“அப்போது இவர்கள் இதைப் பற்றி எழுதவே இல்லையா?” என்று கேட்டார். எழுதிய நிருபர் இதைக் கேட்டிருந்தால் நொந்துபோயிருப்பார்.

காரணம் இரண்டு. முதலாவது, ‘ஸ்ரீ’ என்ற வடிவத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம்: ‘ஸ’வில் தொடங்கி ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்கி ஒன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். செய்தி அறையின் விசைப்பலகை ஒன்றைத் தந்தது, வாசகரின் கைப்பேசி மற்றொன்றைத் தந்தது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீரங்கம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இரண்டாவது, தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்கும்போது உருவம் மாறும். செய்தியில் இருந்தது ‘ஸ்ரீவைகுண்டத்தில்’. தேடல் செய்ததோ, தட்டிய எழுத்துகள் அதே வரிசையில் இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை மட்டும். ‘மதுரை’ என்று தேடினால் ‘மதுரையில்’ கிடைக்கும், ஏனென்றால் முழுச்சொல் உள்ளே இருக்கிறது. ‘வெள்ளம்’ என்று தேடினால் ‘வெள்ளத்தில்’ கிடைக்காது. ‘பேருந்து’ தேடினால் ‘பேருந்தில்’ கிடைக்காது. ‘ஆறு’ தேடினால் ‘ஆற்றில்’ கிடைக்கவே கிடைக்காது. திருநெல்வேலிக்கு நெல்லை, தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று தலைப்புக்கு இடம் போதாமல் எழுதும் மாற்றுப் பெயர்கள் இதற்கு மேல்.

முழுமையான சொற்பகுப்பு இயந்திரம் வைப்பது இந்தத் தளத்தின் சக்திக்கு மீறியது. ஒரு சிறிய ஏற்பாடு செய்தோம். சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை ஒரே வடிவத்துக்கு மாற்றுவது. தேடும் சொல்லின் இறுதியிலுள்ள ‘ம்’, குற்றியலுகரம் போன்றவற்றை நீக்கிவிட்டு மிச்சத்தைத் தேடுவது. ஊர்களுக்கு ஒரு மாற்றுப்பெயர்ப் பட்டியல். வேண்டாத முடிவுகள் கொஞ்சம் கூடுதலாக வரத்தான் செய்கின்றன. ‘எதுவும் இல்லை’ என்று பொய் சொல்வதைவிட அது மேல்.

காதால் கேட்ட தளம்

வங்கி ஊழியரின் கைப்பேசி, டாக்பேக் என்ற ஆண்ட்ராய்டு திரைவாசிப்பான் மூலம் பக்கத்தை வாசித்துக் காட்டும். முதல் பணியில் அவருக்குக் கேட்டது ஒரு படக்கோப்பின் பெயரும் சில எண்களும். விடுமுறை அறிவிப்பை அழகான அட்டைப்படமாகச் செய்து போட்டிருந்தார்கள். மாவட்டங்களின் பட்டியல் முழுவதும் அந்தப் படத்துக்குள். மாற்று உரை என்ற இடத்தில் கோப்பின் பெயரே இருந்தது. இடம் காலியாக இல்லை என்பதால் லைட்ஹவுஸ் அதற்குத் தேர்ச்சி கொடுத்துவிட்டது. பக்கத்தின் மொழி ‘ஆங்கிலம்’ என்று குறிக்கப்பட்டிருந்ததற்கும் தேர்ச்சிதான்; மொழி குறிக்கப்பட்டிருக்கிறதா, அது செல்லுபடியாகும் குறியா என்று மட்டுமே கருவி பார்க்கும். பக்கத்தில் இருப்பது என்ன மொழி என்று பார்க்காது. மொழிக்குறியைத் தமிழ் என்று மாற்றினோம். பட்டியல் இனி உரையாகத்தான் வரும். அட்டைப்படம் அதற்குக் கீழே அலங்காரமாக இருந்துகொள்ளலாம்.

அவர் சொன்ன இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். “படிக்கும்போது நடுவில் அறிவிப்புகளை ஏற்கிறீர்களா என்று ஒரு பெட்டி வருகிறது. உங்களுக்கு அது ஒரு கணம். எனக்கு, நான் இருந்த வரியே தொலைந்துபோகிறது.”

மூன்றாவது பணி எல்லோருக்கும் சுலபமாக முடிந்ததுபோல் தெரிந்தது. பதிவைத் திரும்பப் பார்த்தபோதுதான் ஆட்டோ ஓட்டுநர் அனுப்பியது வேறு செய்தி என்று தெரிந்தது. பக்கத்தின் அடியில் அடுத்த செய்தி தானாக ஒட்டிக்கொண்டு, முகவரியும் கூடவே மாறிவிடுகிறது. பகிர்வுப் பொத்தான் புதிய முகவரியை எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு மழைச் செய்தி அனுப்பியதாக அவர் நினைத்தார். போனது ஒரு நகைக்கடைத் திறப்பு விழா. பொத்தானை அந்தந்தச் செய்தியோடு கட்டிவைத்தோம்.

லிங்க்கின் நீளத்தையும் இங்கேயே கவனித்தோம். முகவரியில் தமிழ் இருந்தால் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது இடம் பிடிக்கும். ‘செய்தி’ என்ற மூன்றெழுத்துச் சொல் 54 இடம். வாட்ஸ்அப்பில் அது ஒரு பத்திபோல் விழும். வேர்ட்பிரஸ் அந்தப் பகுதியை 200 இடத்தோடு நிறுத்திவிடும் என்பதால் முகவரியும் பாதிச் சொல்லில் முடியும். இனி முகவரியில் எண் மட்டும் போதும் என்று முடிவானது.

பேசித் தீராதவை

திரைப்பிடிப்புகளைக் காகிதத்தில் அச்சடித்து, செய்திக்குப் பச்சை, மற்றவற்றுக்குச் சிவப்பு என்று பேனாவால் தீட்டிக் கூட்டத்தில் மேசைமேல் பரப்பினேன். எந்த அளவுகோலும் விளக்காததை அந்தச் சிவப்பு விளக்கியது. முதல் திரையில் பச்சை ஒரு ஓரத்தில் கிடந்தது. மேலே விளம்பரம், கீழே ஒட்டிக்கொண்ட விளம்பரம், அதன் மேல் பகிர்வுப் பட்டை, இவற்றுக்கு நடுவே வாட்ஸ்அப் சேனலில் சேரச் சொல்லும் அழைப்பு. கைப்பேசிப் பக்கத்தில் விளம்பரம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விளம்பரத் துறையினரே சேர்ந்து உருவாக்கிய கூட்டணியின் வரையறை என்பதை எடுத்துச் சொன்னேன்.

அறிவிப்பு கேட்கும் பெட்டி, சேனல் அழைப்பு, பகிர்வுப் பட்டை மூன்றும் போயின. முழுத்திரை விளம்பரம் போகவில்லை. நடத்துபவரின் பதில் நேர்மையானது: “ஐயா, நிருபர்களுக்குச் சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது.” அதற்கு என்னிடம் மாற்று இல்லை. மழை, வெள்ளம், மின்தடை, விடுமுறை ஆகிய செய்திகளில் மட்டும் அது வராது என்ற அளவில் ஒத்துக்கொண்டார். புகைப்படத் தொகுப்பை ஒரு படத்துக்கு ஒரு பக்கமாகப் பிரித்துப் போடும் பழக்கமும் தொடர்கிறது. அதைப் பற்றி இன்னொரு முறை சண்டை போட வேண்டும்.

முகப்பைக் கடைசியாகப் பார்த்தேன். சொல்வதற்கு அதிகம் இல்லை. நன்றாகவே இருக்கிறது.

இப்போது நடந்துகொண்டிருப்பது பழைய செய்திகளைச் சுத்தம் செய்யும் வேலை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து மாற்றிய பகுதிகளில் ஔகாரக் குறியின் இடத்தில் ‘ள’ என்ற எழுத்தே உட்கார்ந்திருக்கிறது. கௌதமும் பௌர்ணமியும் மௌனமும் தேடினால் கிடைப்பதில்லை. ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் ‘ள’ வந்தால் ஔகாரமாக மாற்று என்று நிரலுக்குச் சொல்ல முடியாது. வெள்ளம், தெளிவு, கெளுத்தி மீன் எல்லாம் நாசமாகிவிடும். பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத ‘ள’வை மட்டும் பிடித்து ஒரு பட்டியல் எடுத்திருக்கிறோம். தளத்தின் பிழைதிருத்துநர் அதை வரிவரியாகப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே நிரல் ஓடும். பட்டியல் நீளம்.